ஒருநாட் செலவு: மாஹிம்–பூனா வழித்தடத்தை முன்வைத்து ஒரு காலக்கணக்கு ஆய்வு

செலவு என்னும் சொல்லுக்குத் தமிழில் பயணம் என்றும் பணம் கரைதல் என்றும் இரு பொருள்கள் உண்டு. அகத்திணை இலக்கணம் முன்னதை மட்டுமே கைக்கொள்கிறது. மாஹிம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களோ இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பொருள் தேடிப் புறப்படவிருந்த தலைவன், தலைவியின் வாட்டங் கண்டு பயணத்தைச் சற்றே தள்ளிவைப்பதைச் 'செலவழுங்கல்' என்பது பாலைத்திணை மரபு. பூனாவுக்கு ஒருநாள் போய்வருவதென்று மாஹிமில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும், நடைமுறைக்கு வருமுன் பல செலவழுங்கல்களைக் கடக்க நேர்வதால், அம்மரபு இன்றளவும் அழியவில்லை என்பது தெளிவு. 'ஒருநாட் செலவு' என்பது இக்கட்டுரையில், விடியுமுன் கிளம்பி, இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, அந்தச் சாப்பாட்டைச் சமைப்பவரையும் கூடவே அழைத்துச் சென்றுவிடும் பயணத்தைக் குறிக்கும்.

ஆய்வுக்களம் சிறியது. மாஹிம் ஸ்டேஷனின் மேற்கு வாசலில் இறங்கினால் மாஹிம். கிழக்கு வாசலில் இறங்கினால் தாராவி. தெற்கே அடுத்த நிறுத்தம் மாட்டுங்கா ரோடு. தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழியினரும், ஆபீஸ் உத்தியோகத்தை நம்பி மாட்டுங்காவுக்கு வந்தவர்களின் வழியினரும் ஒரே லோக்கலில் தொங்கும் பகுதி இது. இவ்விரு சாராரும் ஒத்துப்போகும் கருத்துகள் சொற்பம். அவற்றுள் ஒன்று, பிள்ளைகளை ஒருமுறையாவது பூனாவுக்குக் கூட்டிப்போய்க் காலேஜ்களைக் காட்ட வேண்டும் என்பது. (அரசு ஏடுகளில் அந்நகரின் பெயர் புனே, பேச்சில் பூனா. இக்கட்டுரை பேச்சையே பின்பற்றுகிறது.) காலேஜ் கட்டடத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குப் படிப்பு தானாக ஏறும் என்னும் இக்கோட்பாட்டைத் 'தரிசனவழிக் கல்வி' எனப் பெயரிட்டு வழங்கலாம்.

தரிசனத்துக்கு அந்நகரில் பஞ்சமில்லை. 1821இல் ஆங்கிலேய அரசு தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரி பின்னர் டெக்கான் கல்லூரியாக வளர்ந்தது; பொறியியற் கல்லூரி தன் தொடக்கத்தை 1854 என்று கணக்கிடுகிறது; ஃபெர்குசன் கல்லூரி 1885; பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1917. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1899ஆம் ஆண்டு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு 'சீனியர் ரேங்ளர்' பட்டம் பெற்ற முதல் இந்தியரான ஆர். பி. பராஞ்சபே, ஊர் திரும்பி நெடுங்காலம் முதல்வராக இருந்தது ஃபெர்குசனில்தான். பல்கலைக்கழகம் மட்டும் தாமதமாக, 1949 பிப்ரவரி 10 அன்று, எம். ஆர். ஜெயகரை முதல் துணைவேந்தராகக் கொண்டு உருவாயிற்று. அதற்குக் கிடைத்த இடம், மழைக்காலத்தில் பம்பாய் ஆளுநர்கள் வந்து தங்குவதற்கென்று கணேஷ்கிண்டில் கட்டப்பட்ட மாளிகை. 2014 முதல் அது சாவித்திரிபாய் புலே பெயரைத் தாங்குகிறது. பம்பாயிலிருந்து பூனாவுக்குப் போவதற்கு ஆளுநர்களே முன்னுதாரணம் என்பதும், அவர்கள் ஒருநாட் செலவை ஒருபோதும் முயன்றதில்லை என்பதும், போனால் மழைக்காலம் முழுவதும் தங்கினார்கள் என்பதும் திட்டமிடுவோர் கவனிக்கத் தவறும் சான்றுகள்.

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். மும்பைப் பல்கலைக்கழகம் 1857இல், சென்னை, கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் பிறந்த அதே ஆண்டில் பிறந்தது. பூனாவுக்கு 92 ஆண்டு மூத்தது. 1949 வரை பூனாவின் கல்லூரிகளே அதன் கீழ்தான் தேர்வெழுதின. மாஹிமிலிருந்து சர்ச்கேட்டுக்கு லோக்கலில் அரை மணிக்குள் போய்விடலாம். போதாக்குறைக்கு மாட்டுங்காவிலேயே ருயியா, வி.ஜே.டி.ஐ., வேதித் தொழில்நுட்ப நிறுவனம் என்று நடந்துபோய்ப் பார்க்கும் தொலைவில் கல்விக்கூடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்படியிருக்க 190 கி.மீ. ஏன் போக வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. விடை உளவியலில் இருக்கிறது. சர்ச்கேட்டில் இறங்கி வேலைக்குப் போகும் குடும்பத்தலைவர், பல்கலைக்கழக வளாகத்தில் 1878இல் கட்டி முடிக்கப்பட்ட ராஜாபாய் கோபுரத்தை வாரத்தில் ஆறு நாளும் அண்ணாந்து பார்க்கிறார். ஆனால் அவர் பார்ப்பது கோபுரத்தையன்று, அதிலுள்ள கடிகாரத்தை. கொடையளித்த பிரேம்சந்த் ராய்சந்த், கண்பார்வையற்ற தம் தாயார் பொழுது சாயுமுன் உணவு கொள்ள மணியோசை உதவட்டும் என்று அதைக் கட்டுவித்ததாகக் கதையுண்டு. அந்த மணி இன்று குடும்பத்தலைவருக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: பத்து நிமிடம் லேட். தாமதத்தை உணர்த்தும் கட்டடம் தரிசனத்துக்கு ஆகாது.

இனி நிலமும் பொழுதும். தொல்காப்பிய மரபு இவ்விரண்டையும் முதற்பொருள் என்கிறது. மாஹிம் கடற்கரை நெய்தல். கல்யாண் தாண்டிக் கர்ஜத் வரையிலான நெல்வயல்கள் மருதம். போர் காட் மலைச்சரிவு குறிஞ்சி. லோணாவாலாவுக்கு அப்பால் விரியும் மேட்டு நிலம் முல்லை. நானிலத்தையும் சுமார் மூன்றரை மணி நேரத்தில், அதுவும் இரண்டாம் வகுப்பில், காட்டித்தரும் வழித்தடம் இது. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் பிற்பகல். பழைய ஓலைச்சுவடிகளில் எகரத்தின் குறில் நெடில் வேறுபாடு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை என்பதைச் சுவடியியல் கற்றோர் அறிவர். ஆகவே நெய்தல் நிலமாகிய மாஹிமுக்கு உரியது எற்பாடா, ஏற்பாடா என்று ஐயுறுவதற்கு இடமிருக்கிறது. சனிக்கிழமை பிற்பகலில் அங்குள்ள எந்த வீட்டுக்குள் எட்டிப்பார்த்தாலும் ஐயம் தீர்ந்துவிடும். பாயில் டைம்டேபிள் செயலி திறந்த மூன்று கைப்பேசிகள், நடுவில் ஒரு தினசரிக் காலண்டர், ஓரத்தில் ஊறப்போட்ட புளி.

அந்தக் காலண்டர் தாளின் பின்புறத்தில்தான் திட்டம் எழுதப்படுகிறது. திட்டம் ஒன்றன்று, பல. அப்பா எழுதுவது ரயிலில் தொடங்கும். அம்மா எழுதுவது தகடூசேட் பிள்ளையார் கோயிலில் தொடங்கித் துளசிபாக்கின் எவர்சில்வர் கடைகளில் முடியும். பிள்ளைகளின் பிரதியில் மஸ்தானி என்னும் ஐஸ்கிரீம் மிதக்கும் பாலுக்கு மட்டும் இருமுறை அடிக்கோடு இருக்கும். ஒரே நூலின் பிரதிகளுக்கிடையே காணும் இத்தகைய வேறுபாடுகளைப் பாடபேதம் என்பர். பாடபேதம் களைந்து பதிப்பிப்பது எப்படி என்பதற்குப் பூனாவே உலகுக்கு வழிகாட்டியது. பண்டார்கர் நிறுவனத்தார், வி. எஸ். சுக்தாங்கர் போன்றோரின் தலைமையில், கிரந்த எழுத்தில் அமைந்த தென்னாட்டுச் சுவடிகள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஒப்பிட்டு, 1919இல் தொடங்கிய மகாபாரதச் செம்பதிப்பை 1966இல் நிறைவு செய்தனர். நாற்பத்தேழு ஆண்டுகள். மாஹிம் குடும்பத்துக்கு ஒரே ஒரு சனிக்கிழமை மாலைதான் கிடைக்கிறது என்பதையும், பண்டார்கர் நிறுவனத்தாருக்கு இடையில் யாரும் எழுந்துபோய் இட்லிமாவை உப்புப் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் மனத்தில் கொண்டால், இவர்களின் பதிப்பைக் குறைத்து மதிப்பிட இயலாது. பாடபேதங்கள் எத்தனை இருப்பினும் எல்லாப் பிரதிகளும் ஒத்துப்போகும் ஒரு வரி உண்டு. அது கடைசி வரி: "யுனிவர்சிட்டி (டைம் இருந்தா)".

ரயிலைத் தேர்வதில் நேரும் முதற்பிழை டெக்கான் குயின். 1930 ஜூன் 1 முதல் ஓடும் அந்த வண்டியின் புகழ் பெரியது. உணவுப் பெட்டியும் உண்டு. ஆனால் அது காலை ஏழு மணி தாண்டிப் பூனாவில் புறப்பட்டு மும்பை வரும், மாலை ஐந்து மணி தாண்டி மும்பையில் புறப்பட்டுப் பூனா சேரும். அதாவது பூனாக்காரர் மும்பைக்கு ஒருநாட் செலவு மேற்கொள்ள அமைந்த வண்டி. மாஹிம்காரர் அதில் போனால் இருட்டிய பிறகு பூனாவைத் தடவித்தான் பார்க்க வேண்டும். மாஹிமுக்கு ஏற்றது, விடிகாலை ஆறு மணிக்கு முன்பே தாதரைக் கடந்து ஒன்பது மணி வாக்கில் பூனாவில் நிற்கும் இந்திராயணி.

அதில் எங்கே ஏறுவது என்பதில் இரு பள்ளிகள் உண்டு. தாதர்ப் பள்ளியினர், மாஹிமிலிருந்து இரண்டாவது ஸ்டேஷனே தாதர் என்பதால் அங்கே போய்ப் பாலம் தாண்டி ஏறுவதே இயற்கை என்பர்; 2023 டிசம்பரில் மேற்கு, மத்திய ரயில்வே பிளாட்பாரங்களுக்கு ஒன்று முதல் பதினான்கு வரை தொடர் எண் கொடுத்தபின் தம் வாதம் வலுப்பெற்றதாகவும் கருதுவர். வி.டி.ப் பள்ளியினர், மாஹிம் ஒரு ஜங்ஷன், அங்கிருந்து ஹார்பர் லைனில் மாறாமலே வி.டி. போய்விடலாம் என்றும், முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார இடம் வேண்டுமானால் வண்டி கிளம்பும் இடத்தில்தான் ஏற வேண்டும் என்றும் வாதிடுவர். (விக்டோரியா டெர்மினஸ் என்னும் அந்நிலையத்தின் பெயர் மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் வி.டி. என்றே வழங்குவது இப்பள்ளியின் பழைமைக்குச் சான்று.) இதன்படி, வடக்கே போக வேண்டிய குடும்பம் நான்கரை மணி வாக்கில் லோக்கல் பிடித்துப் பன்னிரண்டு கி.மீ. தெற்கே போய், ஒரு ஜன்னலைக் கைப்பற்றி, அந்த ஜன்னல் வழியே தாதரில் நிற்கும் எதிர்ப்பள்ளியினரைப் பார்த்துக்கொண்டு திரும்பி வரும். ஆய்வு நோக்கில் தாதர்ப் பள்ளியே சரி. நின்றுகொண்டே மலையேறியவர்கள் ஏனோ வி.டி.ப் பள்ளிக்கு மாறிவிடுகிறார்கள்.

மலையேற்றம் விரிவாகப் பேசத்தக்கது. 1863இல் திறக்கப்பட்ட போர் காட் பாதை, முப்பத்தேழு அடிக்கு ஓரடி என்ற அளவில் ஏறுகிறது. சரிவை முன்னிழுக்கும் எஞ்சின் மட்டும் சமாளிக்காது என்பதால் கர்ஜத்தில் வண்டியை நிறுத்திப் பின்னால் தள்ளு எஞ்சின்களைக் கோப்பார்கள். ரயில்வே மொழியில் அவற்றுக்கு பேங்கர் என்று பெயர். கோக்கும் சில நிமிடங்களில் பிளாட்பாரத்தில் வடா பாவ் விற்றுத் தீர்கிறது. எண்ணெய்த் தாளில் சுற்றிய சூடான வடையும், பொரித்து உப்பிட்ட பச்சை மிளகாயும், நசுங்கிய பாவும் ஜன்னல் கம்பிகளுக்கிடையே உள்ளே வரும்போது, மடியிலிருக்கும் டப்பாவில் மிளகாய்ப்பொடி தடவி அடுக்கிய இருபத்தெட்டு இட்லிகளின் நிலை கவலைக்கிடமாகிறது. "இட்லியத் தின்னுட்டு அப்புறம் வாங்குங்கலே" என்னும் குரல் எழும்போதே வண்டி நகர்ந்துவிடும். அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகள். வீட்டு வழக்கில் குகைகள். ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் கத்துவது மரபு. எத்தனையாவது குகை என்பதில் எந்த இருவரும் ஒத்துப்போனதாகச் சான்றில்லை.

எந்தக் கிழமையில் போவது? ஆய்வின் மையச் சிக்கல் இதுவே. புதன்கிழமை மாஹிமில் புனித மைக்கேல் தேவாலயத்தின் நொவேனா. தெரு நிரம்பி வழியும். வேலை நாள் எதுவாயினும் சம்பளம் பிடிப்பார்கள், பள்ளியில் கடிதம் கேட்பார்கள். எஞ்சுவது ஞாயிறு. ஞாயிறன்று மத்திய ரயில்வேயில் மெகா பிளாக் உண்டு. தண்டவாளப் பராமரிப்புக்காக ஒரு தடத்தைப் பல மணி நேரம் மூடுவதே மெகா பிளாக். அது முற்பகலில் தொடங்கி மாலைக்குள் முடிவதால் இப்பயணத்தைப் பெரும்பாலும் தொடுவதேயில்லை, எனினும் அதைப் பற்றிக் கவலைப்படுவதற்கு அரை மணி ஒதுக்குவது வழக்கம். உண்மையான சிக்கலை, களஆய்வில், அடுப்படியிலிருந்து வந்த மைனியின் ஒரே வாக்கியம் வெளிப்படுத்தியது: "தம்பி, ஞாயித்துக்கெழம காலேஜெல்லாம் பூட்டிக் கெடக்கும்லா, பூட்டப் பாக்கவா இவ்ளோ தூரம் போறோம்?"

இதை 'மைனி முரண்' எனலாம். பல்கலைக்கழக நகரம் திறந்திருக்கும் நாளில் குடும்பம் பூட்டியிருக்கிறது. குடும்பம் திறந்திருக்கும் நாளில் பல்கலைக்கழகம் பூட்டியிருக்கிறது. இரண்டும் திறந்திருக்கும் நாள் கோடை விடுமுறையில் வருமே என்று நினைப்போருக்கு, அப்போது குடும்பம் திருநெல்வேலியில் இருக்கும் என்பதே பதில்.

முரணைப் புறக்கணித்து ஞாயிற்றையே கொண்டாலும் காலக்கணக்கு கடுமையானது. பஞ்சாங்கப்படி ஞாயிறன்று எமகண்டம் பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை; குளிகை மூன்று முதல் நாலரை; இராகு காலம் நாலரை முதல் ஆறு. எமகண்டம் முடிந்து குளிகை தொடங்கும் வரை ஒன்றரை மணி நேரம் தப்பிப்பிழைக்கிறது அல்லவா என்றால், அதைப் பூனாவே மூடிவிடுகிறது. பழைய பூனாவின் கடைக்காரர்கள் பிற்பகல் ஒன்று முதல் நான்கு வரை கடையைச் சாத்தி உறங்குவது மகாராஷ்டிரம் முழுதும் கேலிசெய்யும் வழக்கம். இப்போது பல கடைகள் கைவிட்டுவிட்டாலும், பேட்டைப் பகுதிகளில் அதற்கான பலகைகள் இன்னும் உண்டு. வருவோரைக் கண்டிக்கும் தொனியில் எழுதப்படும் அப்பலகைகளுக்குப் 'புணேரி பாட்டி' என்று தனிப்பெயரே இருக்கிறது. அந்நகரின் முதல் அரசுக் கல்லூரி 1821இல் தொடங்கப்பட்ட பேஷ்வா மாளிகையின் பெயர் விஷ்ராம்பாக் வாடா, அதாவது இளைப்பாறும் தோட்ட மாளிகை என்பதை இதனோடு சேர்த்து நோக்கினால், கல்விக்கும் உறக்கத்துக்கும் அங்குள்ள தொடர்பு தற்செயலானதன்று. பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல். நிழல்தேடி ஆளற்ற தெருவில் நடக்கும் குடும்பமே அத்திணையின் உரிப்பொருள். ஆகப் பன்னிரண்டு முதல் ஆறு வரை ஒரு விரற்கடை இடைவெளியும் இல்லை. ஒன்பதே காலுக்கு ஸ்டேஷனை விட்டு வெளியே வரும் குடும்பத்துக்குப் பூனா கிடைப்பது நிகரமாக இரண்டே முக்கால் மணி நேரம்.

காலம் இவ்வளவு சுருங்கிய ஊரில்தான் நாட்கள் தாராளமாகக் கிடக்கின்றன என்பது ஆய்வில் கிடைத்த எதிர்பாரா முடிவு. பழைய பூனாவின் பேட்டைகள் கிழமைகளின் பெயர் கொண்டவை: சோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார், சனிவார், ரவிவார் என ஏழும் உண்டு. ஞாயிறு காலை ஸ்டேஷன் வாசலில் மேற்கு நோக்கிய மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தம் மங்கள்வார் பேட்டை, அதாவது செவ்வாய். தகடூசேட் பிள்ளையார் இருப்பது புதனில். அங்கிருந்து சிறிது நடந்தால் சனி. 1730இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1828இல் தீக்கிரையாகி, மதிலும் தில்லி வாசலுமாக எஞ்சி நிற்கும் பேஷ்வாக்களின் சனிவார் வாடா அங்கேதான். ஒருநாட் செலவு என்று கிளம்பியவர்கள் பத்தரை மணிக்குள் மூன்று கிழமைகளைக் கடந்துவிடுகிறார்கள். ஒரு வாரத்தையே தெருத்தெருவாகப் பிரித்து வைத்திருக்கும் ஊரை ஒரு நாளில் பார்க்கத் திட்டமிடுவது இலக்கணப்படியே வழு.

எஞ்சியதை விரைந்து சொல்லிவிடலாம். துளசிபாக்கில் ஓர் இடியாப்ப அச்சு பேரம்பேசப்பட்டு, மாட்டுங்காவில் இதைவிட மலிவு என்று கண்டறியப்பட்டு, இருந்தும் வாங்கப்படுகிறது. எமகண்டத்தில் ஃபெர்குசன் கல்லூரிச் சாலை. அங்கே பெயர்பெற்ற உடுப்பி ஓட்டலில் வரிசையில் நின்று, காலையில் டப்பாவில் மிஞ்சிய அதே பண்டத்தை, மாட்டுங்காவின் உடுப்பிகளை விட்டு இத்தனை தூரம் வந்து, தட்டில் வாங்கி உண்கிறார்கள். "நம்ம ஊர் சாம்பார் மாதிரி வராது" என்னும்போது நம்ம ஊர் என்று குறிக்கப்படுவது திருநெல்வேலியா மாட்டுங்காவா என்பது தனி ஆய்வுக்குரியது. எதிரே ஃபெர்குசனின் பூட்டிய கேட் தரிசனமாகிறது.

திரும்பும் வண்டியிலும் பஞ்சாங்கம் குறுக்கிடுகிறது. ஆறு மணிக்குச் சற்று முன் புறப்படும் இன்டர்சிட்டி இராகு காலத்தில் விழுவதால், ஆறரைக்குமேல் கிளம்பும் இந்திராயணியே கொள்ளப்படும். ஞாயிறன்று மேற்கே சூலம், மும்பையோ வடமேற்கு. வீடு திரும்புவதற்குச் சூலம் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு சாரார் கொள்கை. பார்த்தாலும் ஞாயிற்றுச் சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம் என்பது மறுசாரார் கொள்கை. லோணாவாலாவில் நிலக்கடலையையும் வெல்லப்பாகையும் சேர்த்துச் செய்யும் சிக்கியை வாங்கியதும் இரு சாராரும் அமைதியடைகின்றனர். டிக்கெட்டைக் குளிகையில் எடுத்துவிட்டார்கள் என்பது கல்யாண் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பர்.

இரவு பத்தரை வாக்கில் தாதர்ப் பாலத்தில், உடைந்த சிக்கியைச் சுற்ற ஒரு தாள் தேவைப்படுகிறது. சட்டைப்பையில் இருந்த காலண்டர் தாள் கைமாறுகிறது. இட்லிப்பொடியின் நல்லெண்ணெய் ஊறி மூலபாடத்தின் பெரும்பகுதி சிதைந்துவிட்ட அப்பிரதியில், பாலத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் வாசிக்கக் கூடியதாக எஞ்சியிருப்பது அடைப்புக்குறிக்குள் உள்ள இரண்டே சொற்கள்: டைம் இருந்தா.